ஹெலினா சுட்ட தவளைகள்

ஹெலினா டீச்சர் களிமண்ணில் செய்து வைத்த நாற்பத்தொரு தவளைகளும், ஜூன் பன்னிரண்டாம் தேதி பருவத்தின் முதல் மழை விழுந்ததும் ஒன்றுசேரக் கத்தின. அவர்கள் குடியிருக்கும் கோர்படியில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மழைக்குத் தவளை கத்துவது புதுசா என்ன? தவளைகளின் மண் மட்டும் ஊருக்கு அந்தக்கோடி ஹிஞ்சேவாடி மண். கணவர் ஜாக்சன் அங்கே ஒரு கட்டடக் கம்பெனியில் சைட் இன்ஜினீயர். குளம் ஒன்றைத் தூர்த்து கார் நிறுத்த இடம் செய்தபோது அடிமண்ணை ஏழு சாக்கில் அள்ளிவந்து மனைவியிடம் கொடுத்தார். மனிதன் இயற்கையை என்ன பாடு படுத்துகிறான் என்று களிமண்ணில் காட்டும் கண்காட்சி ஒன்று வரப்போகிறது, அதற்கு ஆகும் என்றார். குளத்தை மூடியவரே மண்ணும் தந்ததில் வீட்டில் யாருக்கும் கூச்சமில்லை.

அலமாரியில் தவளைகள் கத்தக் கத்த, ஹாலில் தண்ணீர் ஊறியது. ஒரு வாரத்தில் கணுக்கால் அளவு. சோபாவுக்கடியில் அல்லி பூத்தது, நாரை ஒன்று ஃப்ரிட்ஜ் மேல் குடியேறியது. ஜாக்சன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார். குளம் திரும்பி வருகிறது என்று ஹெலினாவுக்குப் புரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் கண்காட்சிக்காரர்கள் சுடாத மண்ணை எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். பச்சை மண்ணை நனைத்தால் மறுபடி மண்ணாகும், சுட்டதை எந்தத் தண்ணீராலும் திருப்ப முடியாது என்பதுதான் இருபது வருஷமாகப் பள்ளிக்கூடக் களிமண் வகுப்பில் அவர் நடத்தும் முதல் பாடம். ஊருக்குத்தான் உபதேசம். "உம்பேரு வரணும்னு எத்தன வருஷமா சொல்லிட்டிருக்கே. சுட்டுரு ஹெலினா," என்றார் ஜாக்சன். சுட்டார். மின்சூளைக்குள் அறுநூறு டிகிரி வரை கத்தல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. காலையில் ஹால் தரை காய்ந்திருந்தது, நாரையையும் காணோம்.

முதல் பரிசு கிடைத்தது. ஜனங்கள் தவளைகளோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் பக்கெட் பக்கெட்டாக ஊறப்போட்டார் ஹெலினா, தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக. மூன்று நாள் பார்த்துவிட்டு, பாத்ரூம் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். "நாந்தாங்க கொன்னேன்," என்றார். ஜாக்சன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பாதி நான்," என்றார். அந்தக் குளத்தைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஜூனிலிருந்து அந்த வீட்டின்மேல் விழும் மழைக்குச் சத்தம் கிடையாது. இடியும் எதிர்வீட்டோடு நின்றுவிடும். கொடியில் துணி நனைவது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால், எதிர்வீட்டு கிரிஜா போன் செய்துவிடுவாள். "பாரிஷ், மழ வந்துடுச்சுக்கா, துணிய எடுங்க." சரிம்மா என்று சொல்லிவிட்டு ஹெலினா போய் எடுப்பார்.