படையலுக்கு முன்னால் ஒன்று

மினகாவா வீட்டுப் பின்கதவு எனக்காக எப்போதும் திறந்தே இருக்கும். ரயிலடி பேக்கரியில் வாங்கிய செஸ்ட்நட் ரொட்டியோடு உள்ளே போனேன். ஜப்பானில் இந்த மட்சுயே ஊருக்குக் குடிவந்து பதினோரு வருடம் ஆகிறது, என் வாய் தெரு முழுக்கப் பிரசித்தம். என் தலையைக் கண்டாலே, "திலகா சான் வந்தாச்சு, பெரிய பையா எடுங்க" என்பார் பேக்கரிக்காரர்.

அடுக்களையில் யாரும் இல்லை. மேசைமேல் கறுப்புத் தட்டில் ஒஹாகி அடுக்கியிருந்தது. மசித்த சோற்று உருண்டைமேல் சிவப்புப் பயற்றுப் பூரணத்தைக் கனமாக அப்பியிருந்தார் யாசுயோ அக்கா. இன்னும் சூடு ஆறவில்லை. இறந்தவர்களுக்கு இலையுதிர் காலத்தில் படைக்கும் வாரம் அது. அவர் கணவர் போனது ஜூனில். அவருக்கென்று செய்த முதல் ஒஹாகி. எல்லாம் எனக்குத் தெரியும். படைப்பதற்கு முன்னால் வடைப் பக்கம் நீண்ட என் கையில் அம்மா போட்ட அடிகளும் எனக்கு மறக்கவில்லை. இருந்தும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஐம்பது வயது, வெட்கம் கெட்ட நாக்கு.

மென்று முடிப்பதற்குள் மிஹோ வந்துவிட்டாள். சப்போரோவில் இருக்கும் மகள். சாவு வீட்டில் தூரத்தில் பார்த்ததோடு சரி, பேசியதில்லை. அவள் பின்னாலேயே கையில் பூக்களோடு அக்கா.

"ஐயய்யோ!" என்றாள் மிஹோ. உடனே குரலைத் தணித்துக்கொண்டு, "விடும்மா. வெளிநாட்டுக்காரங்க, பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "இது எங்கப்பாவுக்கு வெச்சது. அவருக்குக் காட்டிட்டுதான் நாம சாப்பிடணும். உங்களுக்குத் தெரியாதுல்ல?"

தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் மிச்சமிருந்த பூரணத்தை விழுங்கினேன்.

"தெரியாது," என்றேன். கண்களை வேறு அகல விரித்தேன்.

அக்கா பூக்களை மேசைமேல் வைத்தார். கை நடுங்குகிறது என்று ஆகஸ்டில் அவர் கணவர் படத்துக்கு என்னைத்தான் விளக்கேற்றச் சொன்னார். விமானம் ரத்தாகி மிஹோ வர முடியாமல் போன நாள் அது. இப்போது அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு தட்டில் விழுந்த பள்ளம் தெரியாதபடி மற்ற உருண்டைகளை நகர்த்தி வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றேன்.

தட்டு பூஜை அறைக்குப் போனது. மிஹோ என் மணிக்கட்டைப் பிடித்து, படத்துக்கு முன்னால் மணியாக வைத்திருந்த வெண்கலக் கிண்ணத்தைத் தட்டச் சொல்லிக்கொடுத்தாள். "மெதுவா, ஒரே ஒரு தடவை. ஆங், அப்படித்தான்!" தட்டினேன். படத்தில் மினகாவா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.

படைத்ததை இறக்கியதும் தேநீர் வந்தது. வழக்கமாக என்றால், "எடு, நடிக்காத! உன் கண்ணு தட்டுலதானே இருக்கு" என்பார் அக்கா. அன்று எனக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். தட்டை இரண்டு கையாலும் என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது... இனிப்பு," என்றார், வழி கேட்கும் சுற்றுலாக்காரியிடம் பேசுகிற மாதிரி. "உள்ள... சோறு இருக்கு. நீங்க... சாப்பிட்டுப் பாருங்க."

பதினோரு வருடத்தில் அவர் என்னை 'நீங்க' என்றது அன்றுதான்.

ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தேன். இனிப்பே தெரியவில்லை. "ரொம்ப... நல்லா... இருக்கு," என்றேன். எனக்கும் அப்படி விட்டு விட்டுத்தான் வந்தது.

மிஹோ கை தட்டினாள். "அம்மா, நம்ம பாஷைய எவ்வளவு அழகாப் பேசறாங்க பாரேன்!"

அக்கா தேநீர்க் கெண்டியின் மூடியைத் திறந்து, உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.