முப்பது பேருக்குப் போட்ட மேடை

மேடைக்கு அடியில் ஆப்பு மல்லாந்து கிடந்தான். ஆப்பு என்பது பட்டப்பெயர். கூட்டங்களுக்கு மேடை போடும் மேடைக்காரரின் ஒரே தம்பி. முட்டுக்கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே மர ஆப்பு அடித்து இறுக்குவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கூட்டம் முடியும்வரை ஒருவன் சுத்தியலோடு அடியிலேயே கிடக்க வேண்டும் என்பது மேடைக்காரரின் தொழில்முறை. மேலே பாரம் கூடி மர ஆப்பு நெகிழ்ந்தால் அவன் பலகையில் மூன்று தட்டு தட்டுவான். அண்ணன் மேலே போய் ஆட்களை இறக்கிவிடுவார்.

தலைவர் வளர்ந்ததெல்லாம் மேடைக்காரர் போட்ட மேடைகளில்தான். தலைவர் டயர்க்கடை வைத்திருந்த காலத்தில் மேடைக்காரர் நான்கு பீப்பாய்மேல் இரண்டு கதவுகளைப் போட்டு அவரை ஏற்றிவிட்டார். அதில் நின்றுதான் தண்ணீர்க் குழாய் வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்தினார் மனுஷர். அப்புறம் ஊராட்சி. அப்புறம் இரண்டு முறை மாநிலச் சட்டமன்றம். இப்போது தலைநகரத்தில் இருக்கும் பெரிய சபைக்கு நிற்கிறார். மேடை ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் உயர்ந்தது. குழாய் மட்டும் இன்னும் வரவில்லை.

இந்த மேடை முப்பது பேருக்குப் போட்டது. சாயங்காலம் நாலு மணிக்கே எழுபது பேர் ஏறிவிட்டார்கள். ஜெயித்தால் தலைவர் மந்திரி என்று பேச்சு. அவரோடு போட்டோவில் விழாதவனை நாளைக்கு எவன் மதிப்பான்? ஆளாளுக்கு முண்டியடித்தார்கள்.

அடியில் மூன்று தட்டு கேட்டது. மேடைக்காரர் படியேறினார்.

"ஐயா, பின்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் இறங்குங்க. பாரம் தாங்காது."

கட்சிச் செயலாளர் திரும்பிப் பார்த்தார். "யாருய்யா நீ?"

"மேடை போட்டவன். முப்பது பேருக்குத்தான்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! அடியில என் தம்பி கிடக்கிறான்யா."

"நல்ல நாளும் அதுவுமா வாயைத் திறக்கிறான் பாரு. தள்ளுங்கடா இவனை!"

ஒருவன் மைக் கம்பியால் காதோடு சேர்த்து அறைந்தான். இன்னொருவன் இடுப்பில் மிதித்தான். மேடைக்காரர் ஏழு படியிலும் உருண்டு தரையில் விழுந்தார். அங்கே காத்திருந்த நாலு பேர், என்ன ஏது என்று கேட்காமலேயே உதைக்கத் தொடங்கினார்கள். முன்பல் ஒன்று நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைத் துப்பிவிட்டு, மேடையைச் சுற்றியிருந்த துணியைத் தூக்கி உள்ளே தலையை விட்டார்.

"டேய், போட்டது போட்டபடி விட்டுட்டு வெளிய வாடா!"

ஆப்பு முதுகால் ஒரு முட்டுக்கட்டையைத் தாங்கியபடி சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான். வியர்வை கண்ணில் இறங்கியிருந்தது. "இன்னும் ரெண்டு அடிச்சா நிக்கும்ணே. நான் விட்டா மொத்தமும் உக்காந்துரும். நீ அவங்களை இறக்கு."

மறுபடி மூன்று தட்டு தட்டினான். விடாமல் தட்டினான். மேலே ஒருத்தனுக்கு அது காலில் அதிர்ந்தது. குஷியாகிவிட்டான்.

"கீழயும் நம்ம பசங்கதான்டா! தாளம் போடுறாங்க!"

அவன் அதே தாளத்தில் காலை உதைத்தான். பக்கத்தில் இருந்தவன் உதைத்தான். எழுபது பேரும் தலைவர் பெயரைச் சொல்லிச் சொல்லி மூன்று மூன்றாக உதைத்தார்கள்.

நடுச்சட்டம் முறிந்தது. மேடை தலைவரோடு, மாலைகளோடு, நாற்காலிகளோடு இறங்கியது.

தூசி அடங்குமுன் நூறு பேர் பலகைகள்மேல் ஏறி நின்றார்கள். "தலைவரைத் தூக்கு! தலைவரைத் தூக்கு!" இரண்டு பலகைகளுக்கு நடுவே ஆப்புவின் வலது கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. விரல்கள் அசைந்தன.

"பலகையை விட்டு இறங்குங்கய்யா! உயிர் இருக்குய்யா!" மேடைக்காரர் ஒவ்வொரு காலாகப் பிடித்து இழுத்தார். யாரும் இறங்கவில்லை. ஒரு கெண்டைக்காலைக் கடித்தார். ரத்தம் வரும்வரை விடவில்லை. அந்தக் காலுக்குரியவன் இரும்பு நாற்காலியை மடக்கி அவர் வலது கைமேல் இரண்டு தடவை இறக்கினான். மயக்கம் தெளிந்து மேடைக்காரர் கண் விழித்துப் பார்த்தபோது தம்பியின் விரல்கள் அசையவில்லை. தலைவரை ஏற்றிக்கொண்டு வண்டிகள் போயிருந்தன.

அன்று ராத்திரியே மேடைக்காரரைப் போலீஸ் ஸ்டேஷனில் போட்டு நொறுக்கினார்கள்.

"எதிர்க்கட்சிக்காரன் எவன்டா சொல்லிவிட்டான்? எந்த ஆணியைப் பிடுங்கின?"

"என் தம்பி அடியில கிடக்கும்போது நான் எப்படி சார் பிடுங்குவேன்?"

"எதிர்த்து வேற பேசுறியா?" பாதத்தில் லத்தி விழுந்தது.

தம்பியின் அடக்கத்துக்கு அவரை விடவில்லை. தலைவரின் மணிக்கட்டில் போட்ட கட்டு எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. சதியில் தப்பியவர் என்று ஊர் ஊராகப் பேசி அழுதார்கள். ஓட்டு கொட்டோ கொட்டென்று கொட்டியது. தலைவர் மந்திரியும் ஆனார்.

செயலாளர் லாக்கப் கம்பிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார்.

"வெற்றிக் கூட்டம். மேடை உன்னையே போடச் சொல்லிட்டாரு தலைவர். பழைய ஆள்னு ஒரு பாசம். போட்டா கேஸ் இல்ல."

"எத்தனை பேருக்கு?"

"நூறு."

"ரெண்டு விரல் மடங்கலைய்யா."

"மடங்குற விரலை வச்சுப் போடு."

அதே மைதானத்தில்தான் மேடைக் கால்களுக்குக் குழி தோண்டினார். மேடை எழும்பி நின்றது. கூட்டத்தன்று அடியில் படுக்க ஒரு வேலையாளும் வரவில்லை. "எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்குண்ணே" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? மேடைக்காரர் சுத்தியலை இடது கையில் பிடித்துக்கொண்டு தானே தவழ்ந்து உள்ளே போனார்.

மேலே நூறு நாற்காலியும் நிறைந்தது. தலைவர் எழுந்தார். மைக்கைப் பிடித்தார்.

"அன்னிக்கு எனக்காகத் தன் உயிரையே கொடுத்தான் ஒரு தொண்டன். நம்ம கட்சியோட உண்மைத் தொண்டன்!"

ஆப்பு எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. ஓட்டுப் போடும் நாளிலும் போர்த்திக்கொண்டு தூங்குவான். பெயரைச் சொல்வார் என்று மேடைக்காரர் அடியில் கொஞ்ச நேரம் காத்திருந்தார். தலைவர் சொல்லவில்லை.

"அந்தத் தொண்டனுக்காக எல்லாரும் எழுந்து நின்னு ரெண்டு நிமிஷம் மௌனம்."

நூறு நாற்காலியும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன. நூறு பேரும் எழுந்து முன்பக்கம் வந்து நின்றார்கள். மேடைக்காரரின் முகத்துக்கு மேல் சட்டம் நெறுநெறுவென்று வளைந்தது. அவர் சுத்தியலை விட்டுவிட்டு, இரண்டு முழங்கால்களையும் முதுகையும் சட்டத்துக்கு முட்டாகக் கொடுத்தார். மைதானத்தில் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. யாரோ கடிகாரம் பார்த்து, போதும் என்று சொல்லும்வரை அவர் அப்படியே தாங்கிக்கொண்டிருந்தார்.