யூஜின் எழுந்தால் விக்கெட்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் இன்று சாயங்காலம் எனக்கு டீ கிடைக்காமல் போகட்டும். ஆணைக்கு வைக்க இதைவிடப் பெரிதாக என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மூலக்குளத்து யூஜின் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் சொல்தா என்பார்கள், நேரில் முசியே என்று கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட் பிரான்சுடையது, உயிர் மட்டும் இந்தியா ஆடும் டெஸ்ட் மேட்சில். பிரான்சு டெஸ்ட் ஆடுவதில்லை, ஆகையால் இதில் துரோகம் இல்லை என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து டெஸ்ட் கொண்ட ஒரு தொடரின் முதல் டெஸ்டில், இந்தியா ஆடிக்கொண்டிருக்கும்போது, மின்விசிறியைக் குறைக்க நாற்காலியை விட்டு எழுந்தார். விக்கெட் விழுந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தார், இன்னொன்று. வேறொருவர் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பார். யூஜின் ஆராய்ச்சியில் இறங்கினார். இடது காலைத் தூக்கினால் எல்பிடபிள்யூ. வலது காலைத் தூக்கினால் ஸ்லிப்பில் கேட்ச். பாதி எழுந்து உட்கார்ந்தால் நடுவர் விரலைத் தூக்கி, ரீப்ளே பார்த்துவிட்டு மடக்கிக்கொள்வார். எதிரணி ஆடும்போது மட்டும் அவர் எழுந்து குதித்தாலும் ஒன்றும் விழவில்லை. அந்தச் சங்கதிதான் அவருக்கு விளங்கவேயில்லை.

முதல் டெஸ்ட் தோல்வி. இரண்டாவதில் ஆணி அடித்தாற்போல் ஐந்து நாளும் உட்கார்ந்தார், ஜெயம். அன்று மனைவி அந்தோணிமேரிக்குப் புதுப் புடவை கிடைத்தது. மூன்றாவதில் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்ததால் எழுந்து கும்பிட வேண்டியதாயிற்று, தோல்வி. பத்து நாள் அந்த வீட்டில் மீன் வாசனையே இல்லை. நான்காவது மறுபடி ஜெயம். இரண்டுக்கு இரண்டு.

ஐந்தாவது டெஸ்டின் நாலாம் நாள், தேநீர் இடைவேளைக்கு முன் மளமளவென்று மூன்று விக்கெட் போயிற்று. மனசு தாங்காமல், உட்கார்ந்தபடியே ரிமோட்டில் டிவியை அணைத்தார். ஸ்கோர் சொல்கிறவன் இந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று தெருவுக்கே அறிவித்துவிட்டு, நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

விடிந்ததும் வேறொரு தொல்லை. உயிரோடு இருப்பதை வருடத்துக்கொரு முறை டவுனில் இருக்கும் ஆபீசில் நேரில் போய்க் காட்டினால்தான் அவருக்குப் பென்ஷன் தொடரும். அதற்குக் கடைசி நாள் அன்றுதான், பன்னிரண்டு மணிக்குள்.

“போவலன்னா செத்துட்டீங்கன்னு எழுதிக்குவாங்க,” என்றார் அந்தோணிமேரி.

“எழுந்தா மேட்ச் போயிடும்.”

“உக்காந்தா நீங்க போயிடுவீங்க.”

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் குட்டியானை வண்டி வைத்திருப்பவர். அவரும் இன்னும் மூவருமாக யூஜினை நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். இந்திரா காந்தி சிலை சிக்னலில் ஒரு அம்மா, ஏதோ சப்பரம் போகிறது என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். யூஜினும் மரியாதைக்குக் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். வழியெல்லாம் கன்னியப்பனின் போனில் மேட்ச் ஓடியது. கடைசி ஜோடி, பதினோரு ரன் தேவை.

ஆபீசில் இருந்த ஜோவிதா அசரவில்லை. போன வருடம் ஒருவர் கட்டிலோடு வந்தாராம். ஆனால் போட்டோ எடுக்கும் கேமரா, நிற்கிற ஆள் உயரத்துக்குச் சுவரில் பதித்திருந்தது. நாலு பேரும் நாற்காலியைத் தூக்கிப் பிடித்தார்கள். படத்தில் ஐந்து தலை விழுந்தது.

“ஒருத்தரு உயிருக்குத்தான் சான்று தர முடியும், ஐயா,” என்றார் ஜோவிதா.

மணி பதினொன்றே முக்கால். இன்னும் நாலு ரன். யூஜின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். நம்மவர்கள் ஆடும்போது இத்தனை நாளும் முழுசாக எழுந்ததெல்லாம் வேறு காரியத்துக்குத்தான். வேண்டுமென்றே அப்படி எழுந்து பார்த்ததில்லை. மேட்சுக்காகப் பட்ட பயத்தைவிட, அது என்னதான் ஆகும் என்கிற அரிப்பு பெரிதாகிவிட்டது.

“கன்னியப்பா, பவுலர் ஓடி வர்றப்ப சொல்லு.”

“ரெண்டு ஓவர் பொறுத்து எழுந்தா ஆவாதா, முசியே?”

“ஆவாது. தெரிஞ்சிக்கணும்.”

கன்னியப்பன் சொன்னார். யூஜின் எழுந்தார். கேமரா மின்னியது. பந்து பாயிண்ட் பக்கம் பறந்து எல்லையைத் தாண்டியது. தொடர் நம்முடையது. தூக்கி வந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஜோவிதா முத்திரை குத்தினார். யூஜின் மட்டும் காலி நாற்காலியைப் பார்த்தபடி நின்றார்.

“அப்ப இத்தினி நாளா நான் எழுந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லியா?” என்று மெதுவாகக் கேட்டார். யாருக்கும் அது காதில் விழவில்லை. உயிர்ச் சான்றிதழைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, மூலக்குளம் வரை வண்டியில் நின்றுகொண்டே வந்தார்.

அந்த மேட்ச் முந்தின நாள் சாயங்காலமே, அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தபோதே முடிந்துவிட்டது; கன்னியப்பன் போனில் ஓடியது மறுஒளிபரப்பு.