மேயர் கேட்ட ரோந்து

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றத்துக்காக மேயர் வெண்டலின் மச்சானுக்கு, ஊர்ப் போலீஸ் தலைவி லோர்னா விலங்கு மாட்டினாள். மறுவாரமே நகரசபைக் கூட்டத்தில் வெண்டல் அவளுடைய பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டார். "உன்னை வேலைக்கு வெச்சவன் நான். நான் போன்னா போகணும்!"

வெண்டல் போகச் சொல்ல முடியாத வேலை ஒன்று இருந்தது. மாவட்டம் முழுக்கக் காவலுக்குப் பொறுப்பான ஷெரீப்பை மக்கள்தான் ஓட்டுப் போட்டு வைக்கிறார்கள். லோர்னா அந்த ஆத்திரத்தோடு ஓட்டுக் கேட்டுப் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினாள், நவம்பர் தேர்தலில் ஜெயித்தாள்.

வெண்டல் புதிதாக வைத்த போலீஸ் தலைவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போக, ஊர் காவலில்லாமல் கிடந்தது. வேறு வழியில்லாமல் வெண்டல் ஷெரீப் அலுவலகப் படியேறினார். கைதிகளைப் பார்க்க வந்தவர்களோடு மதியம் வரை பெஞ்சில் உட்காரவைத்த பிறகுதான் லோர்னா அவரை உள்ளே கூப்பிட்டாள்.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க, ஷெரீப். எங்க ஊருக்கு ரெண்டு ரோந்து வண்டி அனுப்புங்க."

"பழசா? அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு, மேயர். இன்னைக்கே அனுப்பறேன்."

வெண்டலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எங்கெங்க நிறுத்துவீங்க?"

"ஒண்ணு உங்க மச்சான் குடிக்கிற பார் வாசல்ல," என்றாள் லோர்னா, வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே. "இன்னொண்ணு அவர் வீட்டு முக்குல. முதல் வண்டியை நானே ஓட்டிட்டு வரேன்."