பல் கட்டியபின் ஒரு குலவை

என் அக்கா ஃபவ்கியா குலவையிட்டால் எகிப்தில் எங்கள் தன்தா ஊரின் ரயிலடி வரைக்கும் கேட்கும். கல்யாண ஒப்பந்தம் முடிந்ததும் முதல் குலவை பெண்வீட்டிலிருந்துதான் கிளம்பவேண்டும். அசந்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரிகள் முந்திக்கொள்வார்கள், அப்புறம் காலம் பூராவும் சொல்லிக்காட்டுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு எப்போதும் அக்காவுடையது.

சர்க்கரை வியாதியில் ஈறு கெட்டு, அவளுக்குப் பல் எல்லாம் போய்விட்டது. என் மகள் நவாராவின் கல்யாணம் நெருங்கவும் பல்செட்டு கட்டிக்கொண்டாள். கண்ணாடியை விட்டு நகரவே மாட்டேன் என்றாள். அன்றைக்கே என் அடுப்படியில் நின்று ஒரு குலவை போட்டுப் பார்த்தாள். கீழ்வரிசைப் பல் பறந்துபோய் கொதிக்கிற மொலோகியா கீரைச் சட்டியில் விழுந்தது.

"அடியே, அந்த டாக்டர் ஏமாத்திட்டான்டி! பல்லுன்னா நட்டு வச்ச மாதிரி நிக்க வேணாமா?"

"மொதல்ல அதக் கரண்டியால எடு. என் புருஷனுக்கு ஊத்திடப் போறேன்."

மறுநாளே பல் கட்டிய டாக்டர் ஷுக்ரியிடம் அவளை இழுத்துப் போனேன். அவர் கல்யாணமாகாதவர், கூச்ச சுபாவி.

"பல்ல மாட்டிவிட்டு ஒண்ணு, ரெண்டுன்னு வாய்விட்டு எண்ணச் சொன்னப்ப நல்லாத்தானே எண்ணினீங்க, ஹாஜியம்மா?"

"எண்ணுறதுக்கா தம்பி பல்லு கட்டினேன்? குலவை போடணும்!"

மனிதர் சிரித்துவிட்டார். "மேல் செட்டு அண்ணத்துல ஒட்டிக்கும். கீழ் செட்டுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. நாக்கும் கன்னமும் அணைச்சுப் பிடிச்சாத்தான் நிக்கும். நீங்க நாக்கையே ஆட விட்டா அது என்ன பண்ணும், பாவம்? சொந்தப் பல்லுக்கு வேர் இருக்கு. இதுக்கு உங்க பழக்கம்தான் வேர்." நாக்கு இடிக்கிற ஓரத்தைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தார். "இப்பப் போடுங்க. மெதுவா."

மெதுவாகவா? எங்கள் வம்சத்திலேயே கிடையாது. போட்டாள் பாருங்கள், பல் அசையவே இல்லை! குலவை காதில் விழுந்தால் வெளியே காத்திருக்கும் பெண்கள் சும்மா இருப்பார்களா? வீங்கிய கன்னத்தோடு ஒருத்தி பதில் குலவையிட, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கீழ்த்தளத்துக் கடைக்காரர் தட்டு நிறையக் கரும்புச்சாறு டம்ளர்களோடு ஓடிவந்து டாக்டரைக் கட்டிக்கொண்டார்.

"மப்ரூக், மப்ரூக்!" என்று வாழ்த்தினார். "பொண்ணு யாருப்பா?"

எல்லாக் கண்ணும் உதவியாளர் நாஹித் மேல் திரும்பின. அவள் முகம் சிவந்துபோனது. டாக்டர் மறுக்க வாயெடுத்து, ஏனோ மறுக்காமல் கரும்புச்சாறைக் குடித்தார்.

கல்யாண நாள் வந்தது. மாப்பிள்ளையின் கையும் என் புருஷனின் கையும் கோத்தபடி வெள்ளைக் கைக்குட்டைக்கு அடியில் இருந்தன. காஜியார் கைக்குட்டையை எடுத்தார். ஒப்பந்தம் முடிந்தது. கூடமே அக்காவைப் பார்த்தது. அக்காவோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"விழுந்துட்டா என்னடி பண்ணுவேன்? இத்தனை பேர் முன்னாடி!"

எதிரே மாப்பிள்ளையின் அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அப்போது நவாரா எழுந்தாள். மணப்பெண்ணே குலவையிட்டு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இவள் இட்டாள். அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்ல! கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி இருந்தது.

"ஐயய்யே, மானத்த வாங்குறியேடி!" அக்கா பாய்ந்து வந்தாள். "தள்ளு அந்தப் பக்கம்! இப்படியா போடுறது?"

தலையை நிமிர்த்தி, கையை வாயருகே வைத்து, மூச்சு தீரும்வரை விட்டாள் ஒரு குலவை. பல் ஞாபகமே அவளுக்கு இல்லை. பல்லும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மாப்பிள்ளையின் அத்தை விடுவாளா? "மொதல்ல போட்டது பொண்ணுதானே? ஒப்பந்தம் முடிஞ்சாச்சு, அவ இப்ப எங்க வீட்டுக்காரி!" என்றாள்.

நவாரா அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அது குலவையா அத்தை? எங்க பெரியம்மாவக் கூப்பிட்டேன்."