பதினேழு பேரும் பதினான்கு பிழைகளும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தோல்வியில் பிறந்தது. மனைவி பவதாரணியிடம் வாதாடி ஒருமுறைகூட ஜெயிக்காத ஆத்திரத்தில், கைபேசியில் ‘தர்க்கப் பிழைகள்’ வகுப்பில் சேர்ந்து பதினான்கு பெயர்களை மனப்பாடம் செய்தேன். வீட்டில் ஒன்றும் எடுபடவில்லை.

“பேரைச் சொல்லிட்டீங்கல்ல, போய்ப் பாலை வாங்கிட்டு வாங்க” என்றாள்.

படித்தது வீணாகலாமா? ஒரு கதாபாத்திரத்தின் தலையில் கட்டினேன்.

2

(தொடக்கம்: ‘ஏலக்காய் மணம் கமழும் மலைச்சரிவில்...’ அடித்துவிட்டேன். விடியற்காலை ஜீப்பில் டீசல்தான் மணக்கும்.)

சூர்யகலா போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரி. ஏலக்காய் எடுக்க தினமும் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறுகிறாள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினேழு பெண்கள். நேற்று கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி, எப்படியோ ஏறிவிட்டது. இன்று அவள் ஏறவில்லை.

“ஏழு பேரை எறக்கி விட்டுட்டு ரெண்டு நடையா அடிங்கண்ணே.”

“பத்து வருசமா இப்படித்தான் போறேன். ஒண்ணும் ஆகலையே?” என்றார் டிரைவர் கன்னையன்.

“அவசர முடிவுப் பிழை.”

“எல்லா ஜீப்பும் இப்படித்தான போகுது?”

“கூட்டத்தைக் காட்டுற பிழை.”

“புருசனோட ஒத்துப்போகாதவ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா!”

“ஆளைத் தாக்குற பிழை.”

கன்னையன் வாயடைத்துப்போனார். நான் மேசையைத் தட்டிக் கொண்டாடினேன்.

3

பவதாரணி படித்துப் பார்த்தாள். “கன்னையனை வேணும்னே மடையனாக்கி ஜெயிச்சிருக்கீங்க. இதுக்கும் உங்க வகுப்புல ஒரு பேரு இருக்குமே?”

இருக்கிறது. வைக்கோல் பொம்மை வாதம். வெட்கமாகப் போய்விட்டது. கன்னையனுக்கு வாயைத் திருப்பிக் கொடுத்தேன்.

“நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல ஆத்தா. ஆனா ரெண்டு நடை அடிச்சா லேட்டாகும். எஸ்டேட்டுல என்னை நிப்பாட்டிட்டு வேற ஜீப்பை வச்சுக்குவாங்க. ஏறுறியா, வீட்டுக்குப் போறியா? வெரசா சொல்லு.”

இதற்குப் பதினான்கில்... ஆம், ‘இரண்டே வழி’ப் பிழை. சூர்யகலா அதையும் சொன்னாள். கன்னையன் ஜீப்பை ஸ்டார்ட் செய்தார்.

4

முடிவு ஒன்று: ஏறுகிறாள். முடிவு இரண்டு: வீட்டுக்கு... பாருங்கள், நானும் இரண்டே வழிதான் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது என் கையில் இல்லை. உள்ளே பதினாறு பேர் அவளையே பார்க்கிறார்கள். ஒரு பிழையின் பெயரும் தெரியாவிட்டாலும், அவள் சொல்வது சரி என்று அத்தனை பேருக்கும் தெரியும். நேற்று அலறியவர்கள்தானே. யாராவது ஒருத்தி முதலில் இறங்க வேண்டும்.

ஜீப்பில் கடைசியாக, கதவோரம் உட்கார்ந்திருப்பது நீங்கள். மடியில் தூக்குவாளி. சூர்யகலா உங்களைத்தான் பார்க்கிறாள்.