ஸ்டாப் சுவிட்ச் இருந்த வரிசை

உடைந்த சட்டைப் பட்டன் சரிவில் வழுக்கி வரும். மின்கண் அதைப் பார்க்கும். பார்த்த கணமே குழாய் முனையிலிருந்து காற்று ஊதி அதைக் கழிவுப் பெட்டிக்குத் தள்ள வேண்டும். மிஷினுக்கு இருந்த ஒரே வேலை அதுதான். அதைத்தான் அது செய்யவில்லை. காற்று கிளம்புவதற்குள் உடைந்தது நல்ல பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வந்த முழுப் பட்டன் அடி வாங்கிப் பறக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மிஷினின் மூளை உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. அதன் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகக் கால்கள். சில கால்கள் வெளியே கட்டளை அனுப்பும், சில உள்ளே சேதி வாங்கும். முதலாளியின் மாப்பிள்ளை எழுதிய புரோகிராமில் ஒரு கால் அசைய வேண்டுமென்றால், கட்டளை வாசல் வாசலாக நின்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் போய்ச் சேரும். பட்டறையில் அந்த மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்த அலைச்சல் தெரியும். காலேஜில் சேர அப்பாவோடு அப்படித்தான் ஒவ்வொரு ஜன்னலிலும் நின்றாள். ஒவ்வொரு ஜன்னலிலும் "யாரைத் தெரியும்?" என்று கேட்டார்கள். அவளுக்கும் அப்பாவுக்கும் யாரையும் தெரியாது.

"போர்டுக்குத் தெம்பு இல்ல மாமா. வெளி கம்பெனிகிட்ட குடுத்துடலாம்," என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். கொடுத்துவிட்டால் அவளுக்கு இங்கே வேலை இல்லை. வேலை இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டியது, அவள் படித்ததையே குற்றமாகச் சொல்லும் பெரியப்பா இருக்கும் வீட்டுக்கு. மிஷினுக்கு ஆர்டர் கொடுத்த பட்டன் கம்பெனிக்காரர் அதைப் பார்க்க இன்று மத்தியானம் வருகிறார். அதற்குள் ஓடினால் உண்டு.

காலையில் அவள் புரோகிராமின் வாசல்களை விட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்தாள். சிப்புக்குள் கால்களின் நிலை பதிந்திருக்கும் இடத்துக்கு நேராகப் போய், அவளே எழுதினாள். காற்றுக் குழாய்களின் கால்கள் எல்லாம் ஒரே வரிசை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பானேன்? வரிசை முழுக்க ‘வெளியே’ என்று ஒரே வீச்சில் எழுதினாள்.

உடைந்தது வந்தது, பறந்தது. அடுத்ததும் பறந்தது. நல்ல பெட்டியில் கையை விட்டு அளைந்தாள். ஒரு விள்ளல்கூட இல்லை.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, ஓடிடுச்சு."

"எவன்?"

"மிஷின்மா. காத்து ஊதுதுன்னு சொன்னேன்ல."

"காத்து ஊதவா அவ்வளவு படிச்ச? இங்க அடுப்ப ஊத ஆளில்ல. சாப்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத. சரி வை, குழாய்ல தண்ணி வந்துடுச்சு."

வைத்துவிட்டாள். பட்டறையில் அவளோடு வாய்விட்டுப் பேசுகிற ஒரே ஆள் ஃபிட்டர் அண்ணன். மற்றவர்களுக்கு அவள் ‘பட்டதாரி’. அதைக் கெட்ட வார்த்தை மாதிரியே சொல்வார்கள்.

"என்ன பட்டதாரி, ஊதிட்டியாமே," என்று அவர் வந்து நின்றார். அவர் சொன்னால் மட்டும் வலிக்காது. பெல்ட் ஓரத்தில் ஒரு பட்டன் சிக்கியிருந்ததைப் பார்த்தார். எப்போதும் செய்வதுபோல முழங்கையால் ஸ்டாப் சுவிட்சை ஒரு இடி இடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே உள்ளே கையை விட்டார்.

பெல்ட் நிற்கவில்லை.

சட்டைக் கை உருளைக்குள் இழுபட்டது. அவள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். துணி கிழிந்து நின்றது. விரல்கள் இருந்தன. அண்ணன் அவற்றை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஸ்டாப் சுவிட்சின் காலும் அதே வரிசைதான். உள்ளே சேதி வாங்க வேண்டிய கால். அதற்கும் சேர்த்து ‘வெளியே’ என்று எழுதி, அதன் காதை அடைத்திருக்கிறாள். சுவிட்ச் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாததும் அல்ல.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம். மாப்பிள்ளை ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"காத்து ஊதுதுல்ல? அது போதும். ஸ்டாப்ப யாரும் தொடாதீங்க. காமிச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம்."

"முடியாது."

"என்ன முடியாது? பிளக்க மாட்டு."

"மாட்ட மாட்டேன்."

முதலாளியும் பட்டன் கம்பெனிக்காரரும் உள்ளே வந்தபோது பிளக் அவள் கையில்தான் இருந்தது. மாப்பிள்ளை சிரித்தார். "சின்னத் தப்பு மாமா. பொண்ணு பண்ணிடுச்சு. இதோ சரிபண்ணிடறோம்."

‘பொண்ணு பண்ணிடுச்சு. சரிபண்ணிடறோம்.’ பல்லைக் கடித்துக்கொண்டு போர்டுக்கு மட்டும் தனி மின்சாரம் கொடுத்து உட்கார்ந்தாள். முதலில் வரிசையைப் படி. குழாய்களின் இடத்தை மட்டும் மாற்று. மற்றதை இருந்தபடியே திருப்பி எழுது. சின்ன வேலைதான். முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் கனைத்துக்கொண்டு நிற்கும்போது எதுவும் சின்னது இல்லை. முடித்ததும், பிளக்கை மாட்டி, கையை உள்ளே விடாமல், பெல்ட்டை ஓடவிட்டுச் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நின்றது.

பிறகு பட்டன்களைக் கொட்டினாள். உடைந்ததெல்லாம் பறந்தது. பட்டன் கம்பெனிக்காரர் இரண்டு பெட்டியையும் கிளறிப் பார்த்துத் தலையாட்டினார்.

"மாப்பிள்ளை, ஜமாய்ச்சுட்டீங்க," என்றார் முதலாளி.

"சார், வேலை என்னுது," என்றாள் அவள். "தப்பும் என்னுது. அண்ணனோட கை போயிருக்கும். தப்ப மட்டும் என் பேர்ல எழுதிட்டு வேலைய அவர் பேர்ல எழுதாதீங்க."

மாப்பிள்ளை போனைத் தடவினார். முதலாளி அவளைப் பார்க்காமல் சொன்னார்: "வாய் நீளம்தான். சரி, வெளி கம்பெனி வேணாம். நீயே பாரு."

மூவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. ஜெயித்தவள் இந்தப் பக்கம், கம்ப்ரஸர் சத்தத்தோடு.

பெல்ட்டில் மறுபடி ஒரு பட்டன் சிக்கியது. கிழிந்த சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஃபிட்டர் அண்ணன் வந்தார். முழங்கையை மடக்கவில்லை. குனிந்து, விரலால் ஸ்டாப் சுவிட்சை அழுத்தினார். பெல்ட் நின்றது. நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நிக்கும்ணே. நான் பாத்துட்டேன்."

"தெரியும்மா," என்றார். பட்டதாரி என்று சொல்லவில்லை.

பிறகு சுவருக்குப் போய்ப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு வந்துதான் கையை உள்ளே விட்டார்.